அட்டவணையைப் பார்த்து ஏற்ற இறக்கம் சொல்வது

பள்ளிக் கணிதத்தில் மிக எளிதாகத் தோன்றும் கேள்விகளில் ஒன்று இது: ஒரு சார்பின் சில மதிப்புகளை அட்டவணையாகத் தந்துவிட்டு, அந்தச் சார்பு எந்தெந்த இடைவெளிகளில் ஏறுகிறது, எந்தெந்த இடைவெளிகளில் இறங்குகிறது என்று எழுதச் சொல்வார்கள். மாணவர் மதிப்புகளை இடமிருந்து வலமாக வாசித்து, எண் பெரிதானால் ஏற்றம் என்றும் சிறிதானால் இறக்கம் என்றும் எழுதி, முழு மதிப்பெண்ணையும் வாங்கிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். இந்தக் கேள்வியின் மேல் எனக்கு நெடுநாளாக ஒரு மனத்தாங்கல் உண்டு. கேட்கப்படுவது சார்பைப் பற்றி. விடையோ அட்டவணையில் அச்சாகியிருக்கும் சில எண்களைப் பற்றி. அந்தச் சில எண்களிலிருந்து முழுச் சார்புக்குத் தாவுவதற்கு என்ன உரிமை இருக்கிறது என்பதை எவரும் கேட்பதில்லை, சொல்வதுமில்லை.

முதலில் வழக்கமான முறையையே எடுத்துக்கொள்வோம், ஏனெனில் அதைச் சரியாகச் செய்வதிலும் சில நுணுக்கங்கள் உள்ளன. கீழே ஓர் அட்டவணை.

உள்ளீடு: 0, 1, 2, 3, 4, 5, 6
மதிப்பு: 3, 5, 8, 8, 6, 1, 4

அடுத்தடுத்த மதிப்புகளின் வேறுபாட்டைக் கண்டால் 2, 3, 0, −2, −5, 3 என்று வருகிறது. வேறுபாடு மிகை எண்ணாக இருக்கும் இடத்தில் ஏற்றம், குறை எண்ணாக இருக்கும் இடத்தில் இறக்கம், சுழியாக இருக்கும் இடத்தில் மாற்றமின்மை. ஆகவே 0 முதல் 2 வரை ஏற்றம், 2 முதல் 3 வரை மாற்றமில்லை, 3 முதல் 5 வரை இறக்கம், 5 முதல் 6 வரை மீண்டும் ஏற்றம். ஏழு பதிவுகளிலிருந்து இருபத்தொரு சோடிகளை உருவாக்கலாம் என்றாலும், ஆறு வேறுபாடுகளைப் பார்த்தாலே போதும். அடுத்தடுத்த ஒவ்வொரு படியிலும் ஏறினால் தொலைவில் உள்ள சோடியிலும் ஏறியே தீரும்.

இதில் வழக்கமாக நிகழும் தடுமாற்றங்கள் மூன்று. இடைவெளியை உள்ளீட்டின் எண்களால் எழுத வேண்டும் என்பதை மறந்து, 3 முதல் 8 வரை ஏறுகிறது என்று மதிப்புகளால் எழுதிவிடுவது முதலாவது. உள்ளீடுகள் ஏறுவரிசையில் தரப்படாதபோது அவற்றை வரிசைப்படுத்தாமலேயே வாசித்துவிடுவது இரண்டாவது. உள்ளீடுகள் 6, 4, 1 என்று இறங்கி வரும் அட்டவணையில் மதிப்புகள் வலப்புறமாகப் பெருகினால், அந்தச் சார்பு உண்மையில் இறங்குகிறது. மூன்றாவது, ஏறுவதையும் வேகமாக ஏறுவதையும் குழப்பிக்கொள்வது. 0, 10, 18, 24, 28, 30 என்ற மதிப்புகளின் வேறுபாடுகள் 10, 8, 6, 4, 2 என்று சுருங்கிக்கொண்டே வருகின்றன. அதைக் கண்டு இச்சார்பு இறங்குகிறது என்று எழுதுபவர்கள் உண்டு. இறங்குவது ஏற்றத்தின் வேகமே அன்றி மதிப்பு அன்று. குறை எண்களிலும் இதே குழப்பம் நேர்கிறது: −9, −5, −2 என்பது ஏற்றமே, எண்ணின் உருவம் சிறுத்துக்கொண்டு போவதுபோல் கண்ணுக்குத் தோன்றினாலும்.

வேறுபாடுகளைக் கொண்டு ஒரு சார்பைப் படிப்பது எவ்வளவு பழைய வழக்கம் என்பதற்கு ஆரியபட்டர் 499-இல் இயற்றிய நூலில் உள்ள சைன் அட்டவணை ஒரு நல்ல சான்று. அதில் அவர் சைன் மதிப்புகளைத் தரவில்லை, வேறுபாடுகளைத்தான் தந்தார். கால்வட்டத்தை 3 பாகை 45 கலை (ஒரு பாகைக்கு 60 கலை) வீதம் 24 சம பங்குகளாகப் பிரித்து, ஒவ்வொரு பங்கிலும் மதிப்பு எவ்வளவு கூடுகிறது என்பதை 225, 224, 222, 219, 215, 210, 205, 199 என்று தொடங்கி 51, 37, 22, 7 என்று முடியும் இருபத்து நான்கு எண்களால் குறித்தார். எல்லாவற்றையும் கூட்டினால் 3438 வருகிறது; அது அவர் எடுத்துக்கொண்ட வட்டத்தின் ஆரம். முதல் எட்டு எண்களைக் கூட்டினால் 1719, அதாவது 30 பாகைக்கு ஆரத்தில் சரிபாதி. இந்த வரிசையைப் பார்த்த மாத்திரத்தில் இரண்டு செய்திகள் கிடைக்கின்றன: எல்லா எண்களும் மிகை எண்கள், எனவே சைன் ஏறிக்கொண்டே போகிறது, ஒவ்வோர் எண்ணும் முந்தியதைவிடச் சிறியது, எனவே அந்த ஏற்றம் மெல்ல மெல்லத் தளர்கிறது. மதிப்புகளை மட்டும் அடுக்கியிருந்தால் இரண்டாவது செய்தியை நாம்தான் தேடிப் பிடித்திருக்க வேண்டும். ஏற்ற இறக்கத்தைப் பற்றிய கேள்விக்கு மதிப்புகளின் அட்டவணையைவிட வேறுபாடுகளின் அட்டவணையே நேரடியான விடை என்பதால், மாணவர்கள் மதிப்புகளுக்குக் கீழே வேறுபாடுகளுக்கென இன்னொரு வரிசையை எழுதிக்கொள்வதை நான் எப்போதும் வற்புறுத்துவேன்.

இனி மனத்தாங்கலுக்கு வருவோம். ஓர் இடைவெளியில் சார்பு ஏறுகிறது என்று சொல்வதற்குப் பொருள், அந்த இடைவெளிக்குள் எந்த இரண்டு உள்ளீடுகளை எடுத்தாலும் பெரிய உள்ளீட்டுக்குப் பெரிய மதிப்பு கிடைக்கும் என்பதாகும். இந்த வரையறையின் உயிர் ‘எந்த இரண்டு’ என்பதில் இருக்கிறது. அட்டவணையோ சில சோடிகளை மட்டுமே நமக்குக் காட்டுகிறது. ஆகவே, சார்பு ஓரிடத்தில் ஏறவில்லை என்பதை அட்டவணை ஐயத்துக்கு இடமின்றி நிறுவிவிடும், அதற்கு முரணான ஒரு சோடி போதும். சார்பு ஏறுகிறது என்பதை அட்டவணையால் மட்டும் ஒருபோதும் நிறுவ முடியாது, அதில் எத்தனை ஆயிரம் பதிவுகள் இருந்தாலும். மறுப்பதில் உள்ள உறுதி ஒப்புவதில் இல்லை என்னும் இந்தச் சமச்சீரின்மைதான், என் கருத்தில், இப்பாடத்தில் கற்பிக்க வேண்டிய முதன்மையான செய்தி. பாடநூல்கள் இதைத் தொடாமல் விட்டுவிடுகின்றன.

மிக எளிய எடுத்துக்காட்டு ஒன்று. உள்ளீட்டை 5-இலிருந்து கழித்து, வந்ததை அதே உள்ளீட்டால் பெருக்கும் இருபடிச் சார்பை எடுத்துக்கொள்வோம். 0 முதல் 5 வரையுள்ள முழு எண்களுக்கு அதன் மதிப்புகள் 0, 4, 6, 6, 4, 0. அட்டவணையை வாசிப்பவர் 2-க்கும் 3-க்கும் இடையே சார்பு மாறாதிருக்கிறது என்று எழுதுவார். ஆனால் அந்தச் சார்பு எங்குமே மாறாதிருப்பதில்லை. 2-இலிருந்து ஏறி, 2.5-இல் 6.25 என்ற உச்சத்தைத் தொட்டு, பிறகு இறங்கி 3-இல் மீண்டும் 6-ஐ அடைகிறது. இரு முனைகளிலும் மதிப்பு ஒன்றாக இருப்பதற்கும் இடையில் எதுவும் நிகழாதிருப்பதற்கும் தொடர்பே இல்லை. உண்மையில், இரண்டு உள்ளீடுகளில் ஒரே மதிப்பு வருவது, இடையில் திரும்பு புள்ளி ஒன்று இருக்கக்கூடும் என்பதற்கான எச்சரிக்கையாகவே கொள்ளத்தக்கது.

உச்சம் எங்கே என்ற கேள்வியில் இன்னொரு வகைப் பிழை உண்டு, அது இதைவிடப் பரவலானது. உள்ளீட்டிலிருந்து 2.4-ஐக் கழித்து, வர்க்கப்படுத்தி, அதை 10-இலிருந்து கழிக்கும் சார்பின் மதிப்புகள், 0 முதல் 4 வரை, முறையே 4.24, 8.04, 9.84, 9.64, 7.44. இவற்றுள் மிகப் பெரியது 2-க்கு நேராக உள்ள 9.84. உடனே, 2 வரை ஏறுகிறது, 2-இலிருந்து இறங்குகிறது என்று விடை எழுதப்படும். அது பிழை, 2-இலிருந்து 2.4 வரை சார்பு இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. அட்டவணையில் உள்ள மிகப் பெரிய மதிப்பு, பதிவான உள்ளீடுகளுக்குள் மிகப் பெரியதே தவிர, சார்பின் உச்சம் அன்று. ஒரே ஓர் உச்சம் மட்டுமே உள்ள சார்பு என்று நமக்கு முன்பே தெரிந்திருந்தால், சொல்லத்தக்கது இவ்வளவுதான்: உச்சம் 1-க்கும் 3-க்கும் இடையே எங்கோ இருக்கிறது, 1 வரை ஏற்றம் உறுதி, 3-க்குப் பின் இறக்கம் உறுதி, நடுவில் உள்ள இரண்டு அலகு நீளத்தைப் பற்றி அட்டவணை வாய் திறப்பதில்லை.

இந்த அடக்கமான கூற்று பயனற்றது என்று எண்ண வேண்டாம். தாழ்வு, உயர்வு, தாழ்வு என்று அமைந்த மூன்று பதிவுகள் உச்சத்தைச் சிறைப்படுத்துகின்றன என்ற இதே கருத்தின்மேல்தான் கணினிகள் உச்சம் தேடும் முறை ஒன்று நிற்கிறது. புள்ளியியலர் ஜாக் கீஃபர் 1953-இல் வெளியிட்ட ஆய்வில் வேர்கொண்ட பொன்விகிதத் தேடல் என்னும் அம்முறை, இடைவெளிக்குள் புதிதாக ஒரு மதிப்பைக் கணக்கிட்டு, உச்சம் இருக்க முடியாத பகுதியை வெட்டி எறிந்து, ஒவ்வொரு படியிலும் இடைவெளியை ஏறத்தாழ 0.618 மடங்காகச் சுருக்குகிறது. சார்பு இருபடிச் சார்பு என்றே தெரிந்திருந்தால் தேடவும் தேவையில்லை. மேலுள்ள அட்டவணையில் நடுப் பதிவின் இரு பக்கத்து மதிப்புகள் 8.04, 9.64; அவற்றின் வேறுபாடு 1.6. நடு மதிப்பின் இருமடங்கிலிருந்து அவ்விரண்டின் கூட்டுத்தொகையைக் கழித்தால் 2. அதன் இருமடங்கு 4. 1.6-ஐ 4-ஆல் வகுக்க 0.4. உச்சம் நடுப் பதிவிலிருந்து வலப்புறம் 0.4 தள்ளி, அதாவது சரியாக 2.4-இல். வலப்பக்கத்து மதிப்பு இடப்பக்கத்து மதிப்பைவிடப் பெரியது என்பதாலேயே உச்சம் வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைக் கணக்குப் போடாமலும் ஊகிக்கலாம்.

இதுவரை பார்த்தவை சிறு ஏமாற்றங்கள்; திரும்பு புள்ளி ஓரிரு படிகளுக்குள் தள்ளிப்போனது, அவ்வளவே. அட்டவணை முழுவதுமே பொய்த்துப்போகும் நிலையும் உண்டு. உள்ளீட்டை 360 பாகையால் பெருக்கி, அந்தக் கோணத்தின் சைனைக் கண்டு, அதை உள்ளீட்டோடு கூட்டும் சார்பை எண்ணிப்பாருங்கள். உள்ளீடு முழு எண்ணாக இருக்கும்போதெல்லாம் சைன் சுழியாகிவிடுவதால், அட்டவணை 0, 1, 2, 3, 4 என்று உள்ளீட்டையே எதிரொலிக்கிறது. வேறுபாடுகள் அனைத்தும் 1. இதைவிடச் சீரான ஏற்றத்தை எவரும் கேட்க முடியாது. படி பெரிதாக இருப்பதால் ஐயம் என்று கருதி, பாதிப் பாதியாக நறுக்கிப் பார்த்தாலும் 0, 0.5, 1, 1.5, 2 என்றே வரும், ஏனெனில் 180 பாகையின் சைனும் சுழியே. கால் அளவுக்கு இறங்கும்போதுதான் குட்டு வெளிப்படுகிறது: 0, 1.25, 0.5, −0.25, 1. சார்பு ஒவ்வோர் அலகுக்குள்ளும் ஒருமுறை உயர எழுந்து, ஆழ விழுந்து, மீண்டும் எழுகிறது. படியைப் பாதியாக்கிச் சரிபார்த்தேன், விடை மாறவில்லை, எனவே விடை சரி என்ற நம்பிக்கை எவ்வளவு பலவீனமானது என்பதற்கு இந்த ஒரு சார்பே போதும். படியைப் பாதியாக்குவதற்கு மாறாக மூன்றில் ஒன்றாக்கியிருந்தால் முதல் முயற்சியிலேயே 0, 1.199, −0.199, 1 என்று உண்மை தெரிந்திருக்கும் என்பது இதன் வேடிக்கையான பக்கம். சமமான படிகளில் அமைந்த அட்டவணைக்கு, அதே தாளத்தில் ஊசலாடும் சார்புகள் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே சோதிக்கும்போது ஒன்றோடொன்று ஒத்துப்போகாத உள்ளீடுகளைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

மேற்சொன்னவற்றில் எல்லாம் சார்பு தொடர்ச்சியானது. தொடர்ச்சி முறிந்தால் அட்டவணை, இல்லாத ஏற்றத்தைக்கூட உண்டாக்கிக் காட்டும். உள்ளீட்டின் தலைகீழியைத் தரும் சார்பின் மதிப்புகள், −3, −2, −1, 1, 2, 3 ஆகிய உள்ளீடுகளுக்கு, −0.33, −0.5, −1, 1, 0.5, 0.33. வேறுபாடுகளைப் பார்த்தால் இறக்கம், இறக்கம், பெரும் ஏற்றம், இறக்கம், இறக்கம். அந்தப் பெரும் ஏற்றம் −1-க்கும் 1-க்கும் இடையே நிகழ்வதாக அட்டவணை சொல்கிறது. ஆனால் இந்தச் சார்பு தன் சார்பகத்துக்குள், அதாவது அது மதிப்புத் தரும் உள்ளீடுகளின் தொகுதிக்குள், உள்ள எந்த இடைவெளியிலும் ஏறுவதே இல்லை. சுழிக்கு இடப்புறமும் இறங்குகிறது, வலப்புறமும் இறங்குகிறது. சுழி சார்பகத்தில் இல்லை என்ற செய்தி அட்டவணையில் இல்லை. பதிவுகளுக்கு நடுவில் உள்ள வெற்றிடத்தில்தான் அது ஒளிந்திருக்கிறது. படி எங்கே திடீரென ஒன்றிலிருந்து இரண்டாகிறது என்று கவனிப்பவருக்கு மட்டும் ஒரு சிறு குறிப்புக் கிடைக்கும்.

அப்படியானால் அட்டவணையைத் தூக்கி எறிந்துவிடலாமா என்றால், கூடாது. அட்டவணையோடு சார்பைப் பற்றிய வேறொரு செய்தியும் சேர்ந்தால், இரண்டும் தனித்தனியே சொல்லாததைச் சேர்ந்து சொல்லும். உள்ளீட்டின் முப்படியிலிருந்து உள்ளீட்டைக் கழிக்கும் சார்பு இதற்கு அழகான எடுத்துக்காட்டு. −2 முதல் 2 வரை அதன் மதிப்புகள் −6, 0, 0, 0, 6. அட்டவணையை அப்படியே வாசித்தால் ஏற்றம், மாற்றமின்மை, மாற்றமின்மை, ஏற்றம். இறக்கம் எங்குமே தென்படவில்லை. இங்கே மிஷேல் ரோல் என்ற பிரெஞ்சுக் கணிதர் 1691-இல் பல்லுறுப்புக் கோவைகளுக்குக் காட்டிய உண்மை துணைக்கு வருகிறது: வகையிடத்தக்க ஒரு சார்பு இரண்டு இடங்களில் ஒரே மதிப்பைப் பெற்றால், அவற்றுக்கு இடையே வகைக்கெழு, அதாவது அந்தந்த இடத்தில் சார்பின் சாய்வு, சுழியாகும் இடம் ஒன்றாவது இருக்கும். −1-க்கும் 0-க்கும் இடையே ஒன்று, 0-க்கும் 1-க்கும் இடையே ஒன்று, ஆக இரண்டு. சார்பு முப்படிச் சார்பு என்பது நமக்குத் தெரியும். அதன் வகைக்கெழு இருபடி, அதற்கு இரண்டு மூலங்களுக்கு மேல் இருக்க முடியாது. எனவே திரும்பு புள்ளிகள் சரியாக இரண்டு, ஒவ்வோர் இடைவெளியிலும் ஒவ்வொன்று. அவற்றுக்கு இடையில் சார்பு இறங்கியே ஆக வேண்டும். கணக்கிட்டுப் பார்த்தால் அவை ஏறத்தாழ −0.577, 0.577 ஆகிய இடங்களில் உள்ளன, இறக்கம் 0.385-இலிருந்து −0.385 வரை. அட்டவணை ஒரு வார்த்தைகூடச் சொல்லாத இறக்கத்தை, அந்த அட்டவணையையும் முப்படி என்ற ஒரே ஒரு தகவலையும் கொண்டு நிறுவிவிட்டோம்.

முப்படி என்ற அந்தத் தகவலை அட்டவணையிலிருந்தே பெற முடியாதா என்று கேட்கலாம். மூன்றாம் வேறுபாடுகள் மாறிலியாக இருந்தால் முப்படி என்று சொல்லிக்கொடுக்கிறோம். மேலுள்ள அட்டவணையில் முதல் வேறுபாடுகள் 6, 0, 0, 6, இரண்டாம் வேறுபாடுகள் −6, 0, 6, மூன்றாம் வேறுபாடுகள் 6, 6. பொருந்துகிறது. ஆனாலும் இது நிறுவல் ஆகாது. முழு எண்களில் எல்லாம் சுழியாகும் எந்தச் சார்பை இதனோடு கூட்டினாலும் இதே அட்டவணைதான் கிடைக்கும், இதே வேறுபாடுகள்தான் வரும். பதிவுகளின் வழியாகச் செல்லும் பல்லுறுப்புக் கோவைகளில் மிக எளியதை வேறுபாடுகள் நமக்குத் தேடித் தருகின்றன. சார்பு அந்த எளிய கோவைதான் என்ற உறுதிமொழியை அவை தருவதில்லை. அது வெளியிலிருந்து, சார்பு எப்படிப் பிறந்தது என்ற அறிவிலிருந்து வர வேண்டும்.

இங்கே கொஞ்சம் நின்று, வெளியிலிருந்து வரும் அறிவு எவ்வளவு இருந்தால் அட்டவணையை நம்பலாம் என்பதை அளந்து பார்க்க விரும்புகிறேன், ஏனெனில் இதுவே இந்தப் பொருளின் மிகச் சுவையான பகுதி. சார்பின் இரண்டாம் வகைக்கெழு, குறியைக் கருதாமல், ஒரு குறிப்பிட்ட எல்லையைத் தாண்டாது என்று மட்டும் நமக்குத் தெரிந்திருப்பதாகக் கொள்வோம். அதாவது, சாய்வு எவ்வளவு வேகமாக மாற முடியும் என்பதற்கு ஓர் உச்சவரம்பு. அடுத்தடுத்த இரண்டு பதிவுகளின் மதிப்பு வேறுபாட்டைப் படியின் நீளத்தால் வகுத்தால் சராசரிச் சாய்வு கிடைக்கும். லெக்ராஞ்சியின் இடைமதிப்புத் தேற்றப்படி, அந்தப் படிக்குள் எங்கோ ஓரிடத்தில் உண்மையான சாய்வு அந்தச் சராசரிக்குச் சமமாக இருக்கும். படிக்குள் உள்ள வேறு எந்த இடமும் அந்த இடத்திலிருந்து படியின் நீளத்துக்கு மேல் விலகியிருக்க முடியாது. எனவே படிக்குள் எங்கு பார்த்தாலும் சாய்வு அந்தச் சராசரியிலிருந்து, வரம்பைப் படியால் பெருக்கிய அளவுக்கு மேல் மாறியிருக்க முடியாது. சராசரிச் சாய்வு அந்தப் பெருக்கற்பலனைவிடப் பெரிதாக இருந்தால், படி முழுவதும் சாய்வு மிகை எண்ணே, சார்பு படி முழுவதும் ஏறுகிறது. இது ஊகம் அன்று, நிறுவல்.

முன்பு நம்மை ஏமாற்றிய சைன் கலந்த சார்புக்கே இதைப் பொருத்திப் பார்ப்போம். அதன் இரண்டாம் வகைக்கெழுவுக்கு வரம்பு பை என்னும் எண்ணின் வர்க்கத்தின் நான்கு மடங்கு, ஏறத்தாழ 39.48. படி 1 என்றால் சராசரிச் சாய்வு 1, தாண்ட வேண்டிய அளவு 39.48, சோதனையில் தேறவே இல்லை, அதாவது அந்த அழகான அட்டவணையை நம்ப நமக்கு உரிமை கிடையாது என்பதை இந்தச் சோதனை முதலிலேயே சொல்லிவிடுகிறது. படியை 0.1 ஆக்கினால் தாண்ட வேண்டிய அளவு 3.95. 0 முதல் 0.5 வரை மதிப்புகள் 0, 0.688, 1.151, 1.251, 0.988, 0.5. சராசரிச் சாய்வுகள் 6.88, 4.63, 1.00, −2.63, −4.88. முதல் இரண்டும் 3.95-ஐத் தாண்டுகின்றன, 0 முதல் 0.2 வரை ஏற்றம் உறுதி. கடைசியும் எதிர்ப்பக்கம் தாண்டுகிறது, 0.4 முதல் 0.5 வரை இறக்கம் உறுதி. நடுவில் உள்ள இரண்டு படிகளைப் பற்றிச் சோதனை தீர்ப்புச் சொல்ல மறுக்கிறது. உண்மையில் திரும்பு புள்ளி ஏறத்தாழ 0.275-இல் இருக்கிறது, 0.2-க்கும் 0.3-க்கும் இடையே மதிப்பு கூடியிருந்தாலும் அங்கே முழு ஏற்றம் இல்லை என்பதால், அந்தப் படியில் சோதனை மௌனம் காத்தது சரி. 0.3 முதல் 0.4 வரை சார்பு உண்மையிலேயே இறங்குகிறது, ஆனால் கையிலுள்ள சான்று அதை நிறுவப் போதவில்லை. ஏற்றம், இறக்கம் என்ற இரண்டு விடைகளோடு ‘தீர்மானிக்க இயலாது’ என்ற மூன்றாவது விடையையும் மதிக்கும் முறை இது. கேள்வித்தாள்களில் இந்த மூன்றாவது விடைக்கு இடம் ஒதுக்கியவர்களை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

மதிப்புகளுக்கு மாறாக வகைக்கெழுவின் மதிப்புகளை அட்டவணையாகத் தரும் கேள்விகளும் உண்டு. வேறுபாடு காண வேண்டிய வேலை மிச்சம், குறியைப் பார்த்தாலே போதும் என்று அவை எளிதாகத் தோன்றும். இடையில் நடப்பது தெரியாது என்ற சிக்கல் அங்கும் அப்படியே இருக்கிறது. 1-இலும் 2-இலும் வகைக்கெழு மிகை எண் என்பதால் இடையிலும் மிகை எண் என்று ஆகிவிடாது. ஆனால் ஓரிடத்தில் மிகை எண்ணாகவும் அடுத்த இடத்தில் குறை எண்ணாகவும் இருந்தால், இடையில் சுழி ஒன்று இருப்பது உறுதி. வகைக்கெழு தொடர்ச்சியாக இல்லாவிட்டாலும் இது மெய் என்று பிரெஞ்சுக் கணிதர் காஸ்தோன் தார்பூ 1875-இல் காட்டினார். பிரெஞ்சுப் பள்ளிகளில் இதற்கென்றே வேறு வகையான ஓர் அட்டவணை வழக்கில் உள்ளது: அதில் முதல் வரிசையில் வகைக்கெழு சுழியாகும் இடங்களும், இரண்டாம் வரிசையில் அவற்றுக்கு இடையேயான குறிகளும், மூன்றாம் வரிசையில் மேல்நோக்கியும் கீழ்நோக்கியும் சாய்ந்த அம்புகளும் இருக்கும். அதில் உள்ள ஒவ்வோர் அம்பும் ஓர் இடைவெளி முழுவதையும் பற்றிய கூற்று. அதை எழுதியவர் முன்பே நிறுவிவிட்டு எழுதுகிறார். பதிவுகளின் அட்டவணையையும் இந்த அம்புகளின் அட்டவணையையும் ஒரே பெயரால் அழைத்தாலும், முன்னது சான்று, பின்னது தீர்ப்பு.

இவ்வளவு எச்சரிக்கையும் தேவைப்படாத சார்புகளும் உள்ளன என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1 முதல் 10 வரையுள்ள ஒவ்வோர் எண்ணுக்கும் எத்தனை வகுத்திகள் என்று கேட்டால் 1, 2, 2, 3, 2, 4, 2, 4, 3, 4. இங்கே 2-க்கும் 3-க்கும் இடையில் உள்ளீடே கிடையாது. ஒளிந்துகொள்ள இடமும் கிடையாது. அட்டவணைதான் சார்பு, அட்டவணையின் ஏற்ற இறக்கம்தான் சார்பின் ஏற்ற இறக்கம். பாடநூலின் கேள்வி சார்பகத்தைக் குறிப்பிட்டு, அது இத்தகைய தனித்த எண்களின் கணம் என்று ஒரு வரி சேர்த்துவிட்டால், நான் இதுவரை சொன்ன குறைகள் பெரும்பாலும் நீங்கிவிடும்.

அப்போதும் ஒரு குறை மிஞ்சும்: அட்டவணையில் அச்சாகியிருக்கும் எண்கள் முழுமையானவை அல்ல, தோராயமாக்கப்பட்டவை. நான்கு தசம இடங்கள் கொண்ட சைன் அட்டவணையில் 89 பாகை 24 கலைக்கு 0.9999 என்றும், 89 பாகை 30 கலைக்கு 1.0000 என்றும் இருக்கும். அதற்குப் பிறகு 90 பாகை வரை எல்லாப் பதிவுகளும் 1.0000. அரைப் பாகை நீளத்துக்குச் சைன் மாறாதிருக்கிறது என்று அட்டவணை சொல்கிறது. உண்மையில் அது 90 பாகை வரை இடைவிடாமல் ஏறுகிறது, நான்கு இடங்களுக்குள் தெரியாத அளவில். உச்சத்தின் அருகே சாய்வு சுழியை நெருங்குவதால், திரும்பு புள்ளி எங்கே இருக்கிறதோ அங்கேதான் தோராயமாக்கல் மிகுதியாக மறைக்கிறது. அளவீட்டிலிருந்து வந்த அட்டவணை என்றால் நிலைமை இன்னும் மோசம். ஒவ்வொரு பதிவிலும் 0.1 அளவுக்குப் பிழை இருக்கலாம் என்றால், அடுத்தடுத்த இரண்டு பதிவுகள் 0.2 வரை வேறுபட்டாலும் அந்த வேறுபாட்டின் குறிக்குப் பொருள் கிடையாது. அத்தகைய அட்டவணையில் படியைச் சிறிதாக்கச் சிறிதாக்க உண்மையான வேறுபாடுகள் சுருங்கும், பிழையோ சுருங்காது. நுணுக்கமான அட்டவணை கேட்டவருக்கு, ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வரும் பொருளற்ற ஒரு வரிசைதான் கிடைக்கும். அங்கே படியைப் பெரிதாக்குவதுதான் வழி, அதாவது முன்பு சைன் கலந்த சார்புக்குச் செய்ததற்கு நேர் எதிரான வழி. எந்தப் படி தக்கது என்பதைச் சாய்வு மாறும் வேகமும் பதிவுகளில் உள்ள பிழையின் அளவும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன, அவ்விரண்டில் எதுவும் அட்டவணைக்குள் எழுதப்பட்டிருப்பதில்லை.